கொடி மாறிய குவியல்

சுத்தம் செய்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. ரயிலில் யாராவது காலி பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்தால் அவர் இறங்கும் வரை முறைத்துக்கொண்டே வருவேன். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் டம்ளரில் பாயசம் கொடுத்தால், வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் ஏன் வேண்டாம் என்பதையும் விளக்குவேன். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டாலே இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். ஊர்க் குப்பையை அள்ளுகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் என்ன என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வீடு சிதம்பரத்தில். காலை பாசஞ்சரில் ஏறி முதுநகரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தால் வேலை செய்யும் இடம். ஆற்றோரத்தில் ஒரு பழைய குப்பைமேடு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அக்கம்பக்கத்துக் குப்பையெல்லாம் அங்கேதான் வந்து விழுந்தது. நடுவில் சில வருடங்கள், யார் அனுப்பியது என்று கடைசிவரை தெரியாத லாரிகள் வந்து தொழிற்சாலைக் கழிவைப் பீப்பாய் பீப்பாயாக உருட்டிவிட்டுப் போயிருந்தன. அதன்மேல் மறுபடியும் குப்பை விழுந்து மூடிவிட்டது. மழைக்காலத்தில் அந்த மேட்டின் அடியிலிருந்து ஆற்றை நோக்கி ஒழுகும் நீரின் நிறத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருநாள் பார்த்த நிறம் மறுநாள் இருக்காது.

அந்த மேட்டை மொத்தமாகக் கரைத்து நிலத்தை மீட்கும் வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். பொக்லைன் தோண்டிப் போடும். ஒரு வீடு நீளத்துக்கு இருக்கும் சுழல் சல்லடை அதைச் சலிக்கும். பிளாஸ்டிக் ஒரு பக்கம், கல்லும் கண்ணாடியும் ஒரு பக்கம், அடியில் ரவை மாதிரி மண். அந்த மண்ணைக் குவியல் குவியலாக ஒதுக்கி வைப்பார்கள். என் வேலை அங்கே தொடங்கும். ஒவ்வொரு குவியலிலும் பல இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, பையில் போட்டு நம்பர் எழுதி, சென்னையில் இருக்கும் லேபுக்கு அனுப்ப வேண்டும். முடிவு வந்ததும் கொடி நட வேண்டும். பச்சை என்றால் நல்ல மண், பள்ளத்தை மேடாக்க யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். சிவப்பு என்றால் அது வெளியே போகவே கூடாது, தடித்த ஷீட் விரித்த குழியில் போட்டு மூடிவிட வேண்டும். குவியலின் நம்பரைக் கொடித் துணியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். அதுதான் எங்கள் மொத்த பந்தோபஸ்தும்.

சல்லடையில் வேலை பார்த்த பெண்களுக்கு நான் ஓயாமல் சொன்ன ஒரே விஷயம், மூக்கை நம்பாதீர்கள் என்பது. நாறுகிற கறுப்பு மண்ணை அவர்கள் விஷம் என்று ஒதுங்குவார்கள். அது பெரும்பாலும் வீட்டுக் குப்பை மக்கியது, ஒன்றும் செய்யாது. பீப்பாய்கள் கிடந்த கிழக்கு மூலையிலிருந்து வரும் மண்ணுக்கு வாசனையே இருக்காது. வெளிறிப்போய், மிருதுவாக, பார்க்க லட்சணமாக இருக்கும். அதில்தான் வெறும் கையை வைத்துவிடுவார்கள். நான் கத்துவேன். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த முதுநகர்க்கார அக்கா மட்டும் கோபித்துக்கொள்ளாமல், "சரி மேடம், இனிமே ஒங்க மூக்க கேட்டுக்கறம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி மனை வாங்கினான். எலெக்ட்ரீஷியன் அவன். சிதம்பரத்தில் ஒரு ஒடுக்கமான போர்ஷனில் மனைவியோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் இருந்தான். கிள்ளை போகிற ரோட்டில், வயலாக இருந்து மனையாக மாறிய இடம். விலை குறைவு என்றால் பள்ளம் என்று அர்த்தம். ஒரு மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். எங்கள் பக்கம் வீடு கட்டுவது என்றாலே முதலில் மண் அடிப்பதுதான். பக்கத்து மனைக்காரன் ஓரடி உயர்த்தினால் நாம் ஒன்றரை அடி உயர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் வீட்டு மழையும் நம் வீட்டில்தான் நிற்கும். யார் எங்கே தோண்டினாலும் நாலு பேர் போய் நின்று மண் கேட்பார்கள். தம்பிக்கு எங்கும் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அக்கா இருக்கிறாளே.

அவனுக்கென்று நான் ஒரு பச்சைக் குவியலைப் பார்த்து வைத்திருந்தேன். மேட்டின் மேல்தட்டிலிருந்து வந்தது, லேப் முடிவு துளிக்கூட உறுத்தல் இல்லாதது. ஆயுத பூஜை முடிந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று எனக்கு வீட்டில் படைக்க வேண்டியிருந்ததால் லீவு போட்டேன். வேலை இடத்தில் முந்தின நாள் நான் கிளம்பியதுமே ஆரம்பித்துவிட்டார்களாம். பொக்லைனைக் கழுவி, சல்லடைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் கொடுத்திருக்கிறார்கள். பந்தல் போட இடம் வேண்டும் என்று கிழக்கு ஓரத்துக் குவியல்களைப் பொக்லைனால் கொஞ்சம் நெட்டித் தள்ளியும் இருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து நான் போய் இறங்கியபோது அந்த இடமே பளிச்சென்று இருந்தது. முதலில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கொடிகள் புதிதாகத் தெரிந்தன. ஒரு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு என்று கட்சி மாநாட்டுக்கு நட்ட மாதிரி கடைசிவரை நேர் வரிசையில் நின்றன.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு துணியில் நம்பரைத் தேடினேன்.

நாளும் கிழமையுமாக எல்லாவற்றையும் கழுவும்போது இது மட்டும் அழுக்காக நிற்கலாமா என்று கொடிகளையெல்லாம் பிடுங்கி, சோப்புத் தூளில் ஊற வைத்துத் துவைத்து, காய வைத்து, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மாற்றி மாற்றி நட்டிருக்கிறார்கள். மார்க்கர் எழுத்து போன இடம் தெரியவில்லை. நான் கத்திய கத்தலில் சல்லடையை நிறுத்திவிட்டார்கள்.  முதுநகர் அக்கா முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு, "தொவச்சது தப்புன்னு யாராவது சொல்லியிருந்தா தொவச்சிருக்க மாட்டமே மேடம்" என்றார். உண்மைதான். கொடிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லியிருந்தேனே தவிர, அதைத் தொடக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று செய்ய வேண்டியது என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் குவியலிலும் மறுபடி மண் எடுத்து மறுபடி லேபுக்கு அனுப்ப வேண்டும். சைட் இன்ஜினியர் வானத்தைக் காட்டினார். மழை இன்றோ நாளையோ என்று நின்றது. டிப்பர் லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, மழை விழுந்தால் குவியலெல்லாம் கரைந்து ஆற்றுக்குத்தான் போகும் என்றார். அதுவும் பொய் இல்லை. கடைசியில் அவர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். "ஒவ்வொரு குவியலும் ஒங்களுக்கு மனப்பாடமாச்சே மேடம், ஒங்களுக்கு எதுக்கு நம்பரு?" என்றார்.

என் நோட்டில் கையால் வரைந்த படம் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நட்டேன். பெரும்பாலானவை சரியாகவே பொருந்தின, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிழக்கு ஓரத்தில் பந்தலுக்காகத் தள்ளிய இரண்டு குவியல்கள் மட்டும் உதைத்தன. ஒன்று பீப்பாய் மூலையிலிருந்து வந்த சிவப்பு. இன்னொன்று தம்பிக்காக நான் எடுத்து வைத்த பச்சை. இரண்டும் இடம் மாறி, ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் சரிந்து, ஒரே நிறத்தில் இருந்தன. அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த இரண்டை மட்டுமாவது நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் தம்பி அன்று காலைதான் போன் செய்து, மழைக்கு முன்னால் வருமா அக்கா என்று கேட்டிருந்தான்.

கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டிலும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றில் லேசாகப் புளிப்பு நாற்றம். இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. புளித்ததில் சிவப்பை நட்டேன். நாற்றமில்லாததில் பச்சையை நட்டு, டிப்பர்காரரிடம் கிள்ளை ரோட்டு வழியைச் சொன்னேன். அந்தப் பெண்களுக்கு நாள் தவறாமல் நான் சொன்னது எனக்கு அந்த நிமிடத்தில் ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. தம்பிக்கு அனுப்புவது நல்லதாகத்தான் இருக்கும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. அதற்கு இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் அடித்துப் பெய்தது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்கக் கூப்பிட்டான். சுற்றிலும் கோரையும் அருகம்புல்லும் இடுப்புக்கு வளர்ந்து, ரோடு தெரியாமல் மூடிக் கிடந்தது. தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. அந்தப் பச்சைக்கு நடுவில் தம்பியின் மனை மட்டும் வெறுமையாக, மழித்துவிட்ட மாதிரி இருந்தது. மழையில் நன்றாக அமுங்கி, வெளிறிய நிறத்தில், ஒரு புல், ஒரு தும்பைச் செடி இல்லை. ஓரத்தில் தம்பி மனைவி ஊன்றிய முருங்கைக் கிளை துளிர்க்காமல் கறுத்து நின்றது. முருங்கை எங்கே ஊன்றினாலும் வரும்.

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா அக்கா, ஒரு களை மொளைக்கல. எல்லாரும் ஆள் வச்சுப் புடுங்கறானுங்க, நமக்கு அந்த வேலயே இல்ல. சூப்பர் மண்ணு."

நல்லது என்று சொன்னேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முருங்கைக் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி மனைவி, என்ன அண்ணி ஒரு மாதிரியா இருக்கீங்க என்று கேட்டாள். வெயில் என்றேன். மார்கழியில் வெயில் என்று சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ. அன்று சொல்லியிருந்தால் நாலு நாளில் அள்ளியிருக்கலாம், மேலே ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. சொன்னால் வேலை போகும். அதைவிட, தப்பு செய்தது நான் என்று மற்றவர்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சுத்தம் சொன்ன வாய் இது. ஒருவேளை உப்பு மண்ணாக இருக்கும், கடல் பக்கம்தானே என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

தை பிறந்ததும் அஸ்திவாரம் தோண்டிக் கடக்கால் போட்டார்கள். போர் போட்டார்கள். சுவர் எழும்பியது. ஒவ்வொரு தடவை போனபோதும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போவேன். அங்கே போனால் டைல்ஸ் நிறம் கேட்பார்கள். மேல்கூரை போட்ட பிறகு, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஆகிவிட்டது. எங்கள் குப்பைமேடு இதற்குள் பாதிக்குமேல் கரைந்து தரை தெரிய ஆரம்பித்திருந்தது. யார் யாரோ வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை என்னையும் நிற்க வைத்தார்கள். நின்றேன்.

ஆவணியில் குடி போனார்கள். குழந்தையைப் பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் சேர்த்தார்கள். குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர். போர் தண்ணீர் பிடித்து வைத்தால் பாத்திரத்தில் மஞ்சளாக ஒரு கோடு விழுகிறது என்றாள் தம்பி மனைவி. புரட்டாசி தொடக்கத்தில் குழந்தைக்கு உள்ளங்காலில் தோல் உரிய ஆரம்பித்தது. டாக்டர் ஏதோ அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். இரண்டு வாரமாகியும் ஆறவில்லை. நான் போயிருந்த அன்று அவள் என் மடியில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக் காட்டி, "ஊது அத்த" என்றாள். ஊதினேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே வீட்டுப் பின்பக்கம் போய் ஒரு பையில் மண் எடுத்தேன். வேலை இடத்துக் குவியல் மாதிரி ஒரு நம்பர் எழுதி லேபுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. நான் படித்த படிப்புக்கு அதை இரண்டாவது தடவை படிக்க வேண்டிய அவசியம் இல்லை. குழந்தையின் காலுக்கு இதுதான் காரணமா என்று அந்தத் தாள் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணில் எந்தக் குழந்தையும் கால் வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது.

மறுநாள் காலை முதுநகர் ரயிலில் ஏறாமல் கிள்ளை பஸ்ஸில் ஏறினேன். தம்பி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தச் சொல்லி, வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொடி துவைத்தது, நான் முகர்ந்தது, மார்கழி, லேப் தாள், எல்லாம். கத்துவான் என்று நினைத்தேன். அவன் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே கேட்டான். கடைசியில் தரையைப் பார்த்து, "கடக்கா போடும்போதே ஒனக்குத் தெரியுமா அக்கா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

வண்டியை உள்ளே தள்ளி நிறுத்தினான். பிறகு, அவளையும் பாப்பாவையும் இன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், மற்றதை யோசிப்போம் என்றான். தரையைப் பெயர்த்து அள்ளினாலும் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டான். எங்கள் குழியில்தான் கொட்ட வேண்டும், அதற்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதினால் எல்லாம் வெளியே வரும், வரட்டும் என்றேன். எத்தனை லோடு வந்தது, எவ்வளவு அள்ள வேண்டும் என்று மனையைச் சுற்றி நடந்து பார்த்தேன். கணக்கு உதைத்தது. நான் அனுப்பிய குவியலுக்கு இந்த மனை சின்னது. மிச்ச மண் எங்கே என்று கேட்டேன்.

அவன் முகம் மாறியது. "நல்ல மண்ணாச்சேன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பக்கத்துத் தெருவைப் பார்த்தான்.

ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கன்வாடி ஒரே அறை, முன்னால் கயிறு கட்டிய சின்ன முற்றம். முன்பெல்லாம் மழை பெய்தால் படி வரைக்கும் தண்ணீர் நிற்கும் என்று டீச்சர் கேட்டதால், போன மழைக்கு முன்னாலேயே மூன்று லோடு அடித்துக் கொடுத்திருக்கிறான். நாங்கள் போனபோது பிள்ளைகள் முற்றத்தில் உட்கார்ந்து, கொட்டாங்குச்சியில் மண்ணை அமுக்கி இட்லி சுட்டுக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். தம்பி மகளும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு இட்லியைத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் எழுந்து வந்து, இந்த அக்காதான் மண் அனுப்பினது என்று உள்ளே இருந்த ஆயாவிடம் சொன்னார். போன மழைக்கு முற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, ரொம்ப உபகாரம் என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்தது. சொல்ல வேண்டியதும் அவன் இல்லையே.

"பிள்ளைங்கள உள்ள கூப்புடுங்க. அது விஷ மண்ணு. நான்தான் தப்பா அனுப்பிட்டேன்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. லேப் தாளை நீட்டினேன். அதைப் படிக்காமல் என் முகத்தையே பார்த்தார். எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்று கேட்டார். மார்கழியிலிருந்து என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி, ஒவ்வொரு பிள்ளையின் கையிலிருந்தும் கொட்டாங்குச்சியைப் பிடுங்கிப் போட்டார். ஆயா ஓடிவந்து இரண்டு இரண்டு பேராகத் தூக்கிப் படியில் ஏற்றினார். சில பிள்ளைகள் அழுதார்கள். கை கழுவ வேண்டும், முதலில் கை கழுவ வேண்டும் என்று டீச்சர் பதறி, பிள்ளைகளை முற்றத்து மூலையில் இருந்த அடிபம்புக்கு வரிசையாக இழுத்துக்கொண்டு போனார். ஆயா பம்பை அடிக்க ஆரம்பித்தார். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"அந்தத் தண்ணியும் வேணாம்" என்று கத்தினேன்.

ஆயா கையை எடுத்துவிட்டார். டீச்சர், பிறகு எதில்தான் கழுவுவது என்பது போல என்னைப் பார்த்தார்.  பிள்ளைகள் மண் ஒட்டிய கைகளைப் பம்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, தண்ணீர் விழும் என்று நின்றுகொண்டிருந்தார்கள்.